செவ்வாய்க்கிழமை ஸ்டேக்

செவ்வாய் இரவு எங்கள் பப்பில்
ஒன்பது பவுண்டுக்கு ஸ்டேக், கூடவே ஒரு கிளாஸ் பியர்.
ஃப்ளீட்வுட்டில் மீன்பிடி செத்த பிறகு
இந்தத் தெருவுக்கு மிச்சமிருக்கும் பண்டிகை அது.
கதவைத் திறந்தால் முதலில் உப்புக்காற்று நுழையும்,
பின்னாலேயே ஆட்கள், நனைந்த கோட்டுகளோடு.

மெனு அட்டையில் ஒரு குன்று.
குன்றின்மேல் கன்னங்கரேலென்று ஒரு காளை,
ஊர்ச் சொத்தெல்லாம் தன் பெயரில் இருப்பதுபோல் நிற்கும்.
அதை நான் பார்த்ததில்லை.
நான் பார்ப்பது அட்டைப்பெட்டி:
காற்றை உறிஞ்சிய பிளாஸ்டிக்கில் இருபது துண்டுகள்,
ஒரே எடை, ஒரே கனம்,
பிழை திருத்திய கையெழுத்து மாதிரி.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஜாதகம் ஒட்டியிருக்கும்.
பிறந்த நாடு. வளர்ந்த நாடு. அறுத்த நாடு.
கட்டம் உண்டு, எண் உண்டு,
நட்சத்திரம்தான் இல்லை.
பாத்திரம் கழுவும் கீரன் ஒருநாள் உரக்கப் படித்துவிட்டு,
"இதுக்கெல்லாம் பாஸ்போர்ட்கூட இருந்திருக்கு" என்றான்.
அவனுக்கு இன்னும் வரவில்லை.
ஸ்பெயினுக்குப் போக எழுதிப்போட்டு மூன்று வாரமாகிறது.

ஓரக் கொழுப்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.
இளசு என்றால் வெள்ளை.
இது புல்லும் வருஷங்களும் சேர்ந்து ஊறிய மஞ்சள்,
பிரிக்காமல் வைத்த பழைய கடிதத்தின் நிறம்.
காளை இல்லை, பசு.
ஐந்தோ ஆறோ ஈன்று,
மடி தளர்ந்து, பின்னங்கால் நொண்டி,
ஏதோ ஒரு விடியற்காலைக் கறவையில்
கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது.
கறக்கும்வரை மாடு,
அப்புறம் கிலோ.

நூறு ஊசி குத்தி, உப்புநீர் ஏற்றி,
மெத்தென்று ஆக்கி அனுப்புகிறார்கள்.
மீதியை மிளகு சாஸ் பார்த்துக்கொள்ளும் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே லோரெய்ன் சொல்லிவிட்டாள்.
எட்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை.

போன நவம்பரில் ஒருவர் கேட்டார்.
திரெல்ஃபால். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்ணை.
பண்ணை இருந்தது என்று சொல்ல வேண்டும்:
செப்டம்பரில் லாரிகள் வந்து
கடைசி அறுபத்திரண்டையும் ஏற்றிப் போய்விட்டன.
பாதித் தட்டில் நிறுத்தி, சமைத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.
வேகவில்லை என்பாரோ, வெந்துவிட்டது என்பாரோ என்று
கையைத் துடைத்துக்கொண்டே போனேன்.

"எங்கேயிருந்து வருது இது?"

மெனு அட்டையை நகர்த்தி வைத்தேன்.
காளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு பெட்டியைக் கேட்டார்.
குப்பையிலிருந்து எடுத்துவந்தேன், ஒரு மூலை நனைந்திருந்தது.
கண்ணாடி கொண்டுவரவில்லைபோல,
கையை நீட்டி, இன்னும் நீட்டி, படித்தார்.
அறுப்புக்கூடத்தின் எண் இருந்தது.
பண்ணையின் பெயர் எங்கும் இல்லை.
ஒரு நாளைக்கு முந்நூறு இறங்கும் இடத்தில்
எந்த முதுகு எந்தத் தட்டுக்கு என்று
யார் சொல்வது?

"யாரா இருந்தாலும்..." என்றார்,
கத்தி நுனியால் மஞ்சள் ஓரத்தைத் தொட்டு,
"நல்லாக் கறந்தவ."

முழுவதும் சாப்பிட்டார். ஓரத்தையும் விடவில்லை.
எலும்பில்லாத துண்டில்
எலும்புக்குப் பயந்து மெல்லுகிறவர் மாதிரி மெதுவாக.
அப்புறம் டீ கேட்டார்.
பால் ஊற்றவா என்று கேட்டுவிட்டேன், வாய்ப் பழக்கம்.
வெகுநேரம் கோப்பையையே பார்த்தார்.
"கொஞ்சம்" என்றார்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை.
அதற்கடுத்ததில் வந்து, மழைக்கோட்டைக் கழற்றாமலே
மீன் போதும் என்றார்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம்,
ஒரு படகுகூட இல்லாமல்.
அது எங்கேயிருந்து என்று அவர் கேட்கவில்லை.
ஃப்ரீசரில் நார்வே என்று எழுதிய பெட்டியை
நான் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.